பின்மூடியைத் திறந்த வெள்ளிக்கிழமை

என் அக்கா மகளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. அதனால் கல்யாண மேடையில் மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்டுகிற முறை தாய்மாமனான எனக்கு வந்து சேர்ந்தது. நாலு பேர் கூடினால் பின்வரிசையில் போய் நிற்கிற ஆள் நான். மேடை ஏற வேண்டுமே என்று அந்த மாதம் முழுவதும் பயந்துகொண்டிருந்தேன். ஆனால் மேடையை விடப் பெரிய பயம் வாட்சைப் பற்றியது.

மாப்பிள்ளையின் அப்பா கிள்ளானில் லோரிகளுக்குச் சரக்கு ஏற்றுகிற இடத்தில் மேற்பார்வையாளர். அவருடைய மூத்த மகனுக்குப் பெண் வீட்டார் தங்கமுலாம் பூசிய சுவிஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் கட்டியிருந்தார்கள். எந்தக் கம்பெனி என்று நான் எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொன்னாலே ஆட்கள் மணிக்கட்டை எட்டிப் பார்ப்பார்கள், அது போதும். நிச்சயத்தன்று எல்லார் முன்னாலும் அவர் சொன்னார்: "மூத்தவனுக்கு ஒண்ணு இளையவனுக்கு ஒண்ணுன்னு என்னால பாக்க முடியாது. அதே வாட்ச்தான். பேட்டரி வாட்ச் கொண்டாராதீங்க, அது சின்னப்புள்ள சாமான்."

என் அக்கா புருஷன், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், யோசிக்காமல் தலையாட்டிவிட்டார். அந்த மாடல் கடைகளுக்கு வருவது நின்று போய் வருஷங்கள் ஆகின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. எழுபதுகளின் கடைசி அது. கோலாலம்பூர் கடைக் கண்ணாடிகளுக்குள் எங்கே பார்த்தாலும் பேட்டரி வாட்ச்தான். பழையது வாங்கினால் உண்டு. பழையதில் போலி அதிகம். எங்கள் கம்போங் மேடானில் ஒரு வீட்டில் இப்படித்தான் தெரியாமல் போலி வாட்ச் கட்டி, அது ஒரு மாதத்தில் நின்று போனது. அந்தப் பெண்ணை மாமியார் வீட்டில் "டூப்ளிகேட் வீட்டுக்காரி" என்றே கூப்பிட்டார்கள். குழந்தை பிறந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது மச்சானுக்கு ஒரு வழி கிடைத்தது. அவர் ஆபீஸ் பாயாக இருந்த அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் பிரிக்பீல்ட்ஸில் இருந்தார். அவரிடம் அதே வாட்ச் இருந்தது. மணிக்கட்டு வீங்கி, கையில் எதுவும் கட்ட முடியாமல் போனதால் கொடுத்துவிடலாம் என்றிருந்தார்.

"ஐயா பொய் சொல்ற ஆள் இல்ல. ஆனாலும் நீ ஒரு தடவை பாத்துரு மாப்ள," என்றார் மச்சான்.

நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். தண்ணீர் மீட்டர் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. மீட்டர்களைப் பிரித்து, உள்ளே இருக்கும் சின்னப் பித்தளைப் பல்சக்கரங்களைக் கழுவி, திரும்பப் பூட்ட வேண்டும். கை பழகிவிட்டதால் அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் நின்று போன வாட்ச்களையும் திறந்து பார்ப்பேன். கண்ணில் செருகும் லென்ஸ் ஒன்றும், பின்மூடி திருகுகிற இரட்டைக் கொம்புச் சாவி ஒன்றும் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கி வைத்திருந்தேன். என் படிப்பு அவ்வளவுதான்.

போவதற்கு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். பொது விடுமுறை, கல்யாணச் சாமான் வாங்க நல்ல நாள். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் தாம்பூலம் மாற்றி வாட்சைக் கையில் வாங்கிவிட வேண்டும் என்று அக்கா நான்கு தடவை சொல்லி அனுப்பினாள். ஆனால் பஸ் வரவில்லை. பிரிக்பீல்ட்ஸில் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே சுவர்க் கடிகாரம் பத்து மணி ஐந்து நிமிடம் காட்டியது.

பெரியவர் வீட்டுக்குள்ளேயே வெள்ளைச் சட்டை, கால்சட்டை, பெல்ட் எல்லாம் போட்டிருந்தார்.

"வாங்கோ, வாங்கோ. பிந்திப் போட்டியள். பத்தரைக்கு ராகுகாலம் எல்லோ?"

"பஸ் லேட்டு ஐயா. இன்னும் இருபத்தஞ்சு நிமிசம் இருக்கு. போதும்," என்றார் மச்சான்.

போதாது என்று எனக்குத் தெரியும். ஒரு பழைய வாட்சைச் சரியாகப் பார்க்க ஒரு ராத்திரியாவது வேண்டும். சாவி கொடுத்து வைத்து, காலையில் எவ்வளவு முந்தியது, எவ்வளவு பிந்தியது என்று பார்க்க வேண்டும். ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே வாட்சும், கடை முத்திரை குத்திய உத்தரவாதப் புத்தகமும் இருந்தன. தலைமைக் குமாஸ்தாவாக உயர்ந்த வருஷம் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது என்றார். நான் லென்ஸைக் கண்ணில் செருகினேன்.

முதலில் டயல். திரும்பப் பெயிண்ட் அடித்திருந்தால் எழுத்துகளின் ஓரம் தடித்து வழிந்திருக்கும். இதில் ஒவ்வொரு எழுத்தும் ஊசியால் கீறியது போலச் சுத்தமாக இருந்தது. ஓரத்தில் மட்டும் தேநீர்க் கறை மாதிரி லேசான பழுப்பு. அது நல்ல அடையாளம். புதிது போல மின்னியிருந்தால்தான் பயந்திருப்பேன். பின்மூடியில் இருந்த எண்ணைப் புத்தகத்தில் இருந்த எண்ணோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. பட்டை உரசுகிற இடத்தில் தங்கமுலாம் தேய்ந்திருந்தது. அது தேயத்தான் செய்யும்.

"எல்லாம் சரிதானே மாப்ள?" என்று கேட்டுக்கொண்டே மச்சான் பையிலிருந்து தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், நடுவில் உறை.

நான் வாட்சைக் காதருகே வைத்து இப்படியும் அப்படியும் சாய்த்தேன். ஆட்டோமேட்டிக் வாட்சுக்குள் அரை நிலா மாதிரி ஒரு தகடு இருக்கும். கை அசையும்போது அது சுழன்று தானாகவே சாவி ஏற்றும். சாய்த்தால் உள்ளே ஏதோ உருள்வது விரலுக்குத் தெரியும். எனக்கு எதுவும் தெரியவில்லை. டிக் டிக் என்ற சத்தம் மட்டும் கேட்டது.

பெரியவர் நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முந்தி சாவி குடுக்கத் தேவையில்ல தம்பி. இப்ப கொஞ்ச வருஷமா காலம எழும்பினதும் குடுக்க வேணும். அதுக்கும் வயசு போட்டுது, எனக்கும் வயசு போட்டுது."

மச்சான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டோமேட்டிக் என்று டயலில் எழுதியிருக்கிறது. வயசானால் ஓட்டம் பிந்தலாம். தானாகச் சாவி ஏறாமலே போகக் கூடாது.

"பின்னால திறக்கணும்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

பெரியவரின் முகம் மாறியது. "திறக்கிறதோ? வாங்கின நாளில இருந்து ஒருத்தரும் திறக்கேல்ல தம்பி."

"ஐயா சொல்றாரில்ல, விடுலா," என்றார் மச்சான்.

பின்மூடியின் விளிம்பில் ஒரு பள்ளத்தின் பக்கத்தில் கருவி வழுக்கிய கீறல் ஒன்று இருந்தது. அது என் கண்ணில் முதலிலேயே பட்டிருந்தது. வாட்சைத் திருப்பி அந்த இடத்தை விரலால் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். அவர் பதில் சொல்வதற்குள், தேநீர்த் தட்டோடு வந்த அவர் மனைவி சொன்னார்: "ஏன், பதினொரு வருஷத்துக்கு முந்தி மழையில நனைஞ்சு கண்ணாடிக்குள்ள ஆவி பிடிச்சிட்டுதெண்டு கடையில குடுத்தனீங்கள்தானே? ஒரு மாசம் வெறுங்கையோட திரிஞ்சனீங்கள்."

"அது கண்ணாடி துடைக்க மட்டும்," என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "சரி, திறவும்," என்றார். இதுவரை என்னிடம் பேசிய குரல் இல்லை அது.

கடிகாரத்தில் பத்து பதினேழு. கொம்புச் சாவியைப் பள்ளங்களில் பொருத்தித் திருகினேன். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை மூடி அசைந்தது.

உள்ளே அரை நிலாத் தகடு இல்லை. டயலில் இருக்கும் பெயர் மெஷினிலும் பொறித்திருக்க வேண்டும். எந்தப் பெயரும் இல்லை. கூட்டின் அளவுக்கு அந்த மெஷின் சின்னது. சுற்றியிருந்த இடைவெளியில் மெல்லிய பித்தளைத் துண்டுகளை வளைத்துச் செருகியிருந்தார்கள். திருகாணித் தலைகள் எல்லாம் கடித்துப் போட்டது போலச் சிதைந்திருந்தன. கூடு அசல், டயல் அசல். உள்ளே இருந்ததைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கையால் சாவி கொடுக்கிற ஏதோ ஒரு மலிவு மெஷினை வைத்துப் பூட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

"என்ன மாப்ள, மீட்டர் ரீடிங் எடுக்கிறியா? மணி பத்து இருபது," என்றார் மச்சான். தட்டைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

மூடிவிடலாம் என்று அந்த நேரத்தில் எனக்கும் தோன்றியது. மூடிவிட்டு "நல்லா இருக்கு" என்று இரண்டு சொல் சொன்னால் போதும். உண்மையைச் சொல்லாவிட்டால் கிள்ளானில் பெண்ணுக்கு அந்த டூப்ளிகேட் பெயர் வரும். சொன்னால் இந்த மனிதரை அவர் வீட்டுக் கூடத்திலேயே, அவர் மனைவி முன்னால், கள்ளச் சாமான் விற்கிறவர் ஆக்கிவிடுவேன். சொல்லத் தெரிந்தவன் என்றால் பக்குவமாகச் சொல்லியிருப்பான். நான் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்துச் சட்டையில் துடைத்து அவரிடம் நீட்டினேன்.

"ஐயா, நீங்க ஒரு தடவை பாருங்க. டயல்ல இருக்கிற பேரு உள்ளயும் இருக்கணும். சாவி ஏத்துற தகடு ஒண்ணும் இருக்கணும்."

அவருக்கு லென்ஸைக் கண்ணில் நிறுத்தத் தெரியவில்லை. கையால் பிடித்துக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வாட்சைத் திருப்பி டயலைப் பார்த்தார், மறுபடி உள்ளே பார்த்தார். சுவர்க் கடிகாரம் அரை மணிக்கு ஒரே ஒரு அடி அடித்தது.

"போச்சு," என்றார் மச்சான். தட்டைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"பதினொரு வருஷம்," என்றார் பெரியவர். "பதினொரு வருஷமா வேற ஆரின்ரையோ மெஷினைக் கட்டிக்கொண்டு கந்தோருக்குப் போய் வந்திருக்கிறன். பிந்தி வந்த பெடியளை இதைக் காட்டித்தானே ஏசினனான்."

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எங்களாலும் எழுந்து போக முடியவில்லை. மங்கல காரியத்துக்கு வந்தவர்கள் ராகுகாலத்தில் வெறுங்கையோடு படியிறங்கக் கூடாது என்பது மச்சானின் கணக்கு. பன்னிரண்டு மணி வரை அந்தக் கூடத்தில்தான் இருந்தாக வேண்டும். மூன்று பேரும் திறந்து கிடந்த வாட்சைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. தேநீர் ஆறி மேலே ஆடை கட்டியது.

பதினொரு மணி சுமாருக்கு மச்சான் என் கையைப் பிடித்து முன்வராந்தாவுக்கு இழுத்துப் போனார்.

"மூடிடு," என்றார். "மேல பாத்தா எவனுக்குத் தெரியும்? பெட்டி இருக்கு, புக் இருக்கு, நம்பர் இருக்கு. மாப்பிள்ளைகிட்ட தினம் சாவி குடுக்கச் சொல்லிடலாம்."

"அவங்க அண்ணன் வாட்சுக்குச் சாவி குடுக்க வேண்டியதில்ல மச்சான். பக்கத்துல பக்கத்துல வெச்சா ரெண்டே நாள்ல தெரிஞ்சிடும். ஒரு நாள் மறந்தா நின்னுடும்."

"நிக்கட்டும்லா! தாலி ஏறினப்புறம்தானே நிக்கும்?"

அவருடைய கண் சிவந்திருந்தது. ரொம்ப நாளாகத் தூங்காத முகம். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்: "நான் கட்ட மாட்டேன் மச்சான்."

"என்ன சொன்ன?"

"நான் கட்ட மாட்டேன்."

"பத்திரிகை குடுத்தாச்சு. மண்டபத்துக்குக் கட்டியாச்சு. வாட்ச் இல்லன்னா மேடைக்கு வர மாட்டேன்னு அந்தாளு சொல்லி அனுப்பியிருக்கான். கல்யாணம் நின்னா, நான்தான் நிறுத்துனேன்னு உன் அக்காகிட்ட நீயே போய்ச் சொல்லு. என்னால முடியாது."

பின்னால் கதவருகே பெரியவர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"அவர் கட்டினாலும் நான் விக்க மாட்டன்," என்றார்.

மச்சான் அப்படியே வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் அந்த மனிதர் மணி அடித்தால் ஓடியவர், அன்று அவர் நிற்கும்போது உட்கார்ந்தார். "என் மகளுக்கு என்ன ஐயா செய்யறது?" என்று கேட்டார்.

பெரியவர் உள்ளே போனார். சற்று நேரத்தில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. நடந்ததை இங்கிலீஷில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டாரிடம் அதைக் காட்டலாமாம். இரண்டு மூன்று வரி அடித்திருப்பார், சத்தம் நின்றது.

"மாப்பிள்ளையின்ர தகப்பனுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியாதுங்கய்யா," என்றேன்.

காகிதத்தை உருவி எடுத்து இரண்டாக மடித்து வைத்தார். "அப்ப கடிதம் சரிவராது. நானே வாறன்."

பன்னிரண்டு அடித்ததும் கிளம்பினோம். வாட்சை மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திறந்தபடியே கைக்குட்டையில் சுற்றி, மூடியைத் தனியாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிள்ளான் பஸ்ஸில் நாங்கள் மூவரும் மூன்று வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தோம். மச்சான் வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார்.

மாப்பிள்ளை வீட்டில் சாம்பார் தாளிக்கிற வாசனை வாசல் வரை வந்தது. சாப்பாட்டு நேரம். மாப்பிள்ளையின் அப்பா சாரோங்கோடு வாசலில் வந்து நின்றார். மச்சானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெரியவரின் பளபளப்பான ஷூவைப் பார்த்தார். உள்ளே வாங்க என்று சொன்னார், உட்காருங்க என்று சொல்லவில்லை. மூவரும் கூடத்தில் நின்றோம்.

மச்சான் தொடங்கினார். வாட்ச் கிடைக்கவில்லை, கிடைத்ததும் சரியில்லை என்றார்.

"வாங்க வக்கில்லன்னா வக்கில்லன்னு சொல்லுங்க. எதுக்குக் கதை?" என்றார் அவர். "இவரு யாரு? சாட்சிக்கு ஆள் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

"ஓம், சாட்சிதான்," என்றார் பெரியவர். கைக்குட்டையைப் பிரித்து உள்ளங்கையில் வாட்சை நீட்டினார். "நான் வாங்கேக்க நல்ல சாமான். திருத்தக் குடுத்த இடத்தில குடலை உருவிப்போட்டு வேற எதையோ வச்சுத் தைச்சிருக்கிறாங்கள். எனக்கே இண்டைக்குத்தான் தெரியும். இந்தத் தம்பி பேசாம விட்டிருந்தா நான் காசை வாங்கிக்கொண்டு நிம்மதியா இருந்திருப்பன். உங்கட பெடியன் கையில இது ஒரு நாள் நிண்டிருக்கும். பிழை என்னில. இவையில இல்ல."

மாப்பிள்ளையின் அப்பா குனிந்து வாட்சுக்குள் பார்த்தார். அவருக்கு அதில் எதுவும் புரிந்திருக்காது. நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார்.

"நீதானே கட்டப்போற ஆளு? எனக்குத்தான் உள்ள பாக்கத் தெரியாதே. பேசாம கட்டியிருக்கலாமே. ஏன் கட்டல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உள்கதவுத் திரைக்குப் பின்னால் பெண்களும் நின்றார்கள், மாப்பிள்ளையும் நின்றிருக்க வேண்டும்.

"பொண்ணு உங்க வீட்டுலதான் இருக்கப் போறா," என்றேன்.

அவர் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"என்னதான் கட்டப் போற?" என்றார் கடைசியில்.

"கடையில கிடைக்கிறதுல நல்லதா. புதுசா. பில்லோட."

"பேட்டரியா?"

"ஆமாங்க."

"மூத்தவன் சிரிப்பான். அவன் மாமியார் வீட்டுக்காரன் ஊரெல்லாம் சொல்லுவான்." அவர் எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். "சொல்லிட்டுப் போறான். அவனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "மணி ஒன்றரை ஆச்சு. வந்தவங்கள நிக்க வெச்சே பேசிக்கிட்டு இருப்பீங்களா?"

"யாரு நிக்கச் சொன்னா? உக்காருங்க," என்று எங்களிடம் அதட்டினார். பிறகு உள்ளே பார்த்து, "மூணு தட்டு எடுத்து வை," என்றார்.

பெரியவர் வாட்சை மறுபடி கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டுக் கைகழுவ எழுந்தார். மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், முதல் வாய் எடுக்க நேரமானது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் ரசம் வந்தபோது கிண்ணத்தை வாங்கி, தான் ஊற்றிக்கொள்ளாமல் முதலில் என் பக்கம் நகர்த்தினார்.